தெர்மோஜெனிசிஸ்: ‘பூங்காங்கை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஓர் உயிர் தன் உடம்பிலேயே சூடு எழுப்புவதைத் தெர்மோஜெனிசிஸ் என்கிறார்கள். அதற்கும், சேனைப்பூவின் உறுப்புகளான ஸ்பேத், அப்பெண்டிக்ஸ் இரண்டுக்கும் நம் கலைச்சொல் பட்டியலுக்காகத் தமிழ் தேடும் இழைக்கு என் பதில் இது. இடையில் மேற்கோளாக வருபவை நண்பர்கள் சொன்னவை.

> ‘வெப்ப உற்பத்தி’ போதுமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் அனல்மின் நிலையத்தில் நடப்பதும் வெப்ப உற்பத்திதான். ஒரு பூ தன் உடம்பிலிருந்தே சூடு எழுப்புவதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

இந்த இழை தொடங்கியது சேனைப்பூவிலிருந்து என்பதால் அதையே சொல்கிறேன். குமரி மாவட்டத்தில் வீட்டை ஒட்டிய விளைகளில் (தோட்டங்களில்) மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கும்) வாழைக்கும் நடுவே நாலு மூடு (செடி) சேனை நிற்பது வழக்கம். மாசியில் நட்டு ஆண்டுக்குள் தோண்டிவிடுவதால் பலர் அதன் பூவைக் கண்டதே இல்லை. தோண்டாமல் விட்டுக் கிழங்கு பருத்த மூடுதான், கோடைமழை விழுந்ததும் இலைக்கு முன்னால் பூவை அனுப்பும். தரையோடு ஒட்டி, ஓரம் நெளிந்து விரிந்த பாளை. நடுவே மூளைபோல் சுருக்கம் விழுந்த கருஞ்சிவப்புக் குமிழ். நாற்றம் வந்ததும் செத்த பெருச்சாளி எங்கே கிடக்கிறது என்றுதான் வீட்டில் தேடுவார்கள். அந்தி நேரத்தில் அந்தக் குமிழின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்.

அடியில் பெண்பூக்கள், அதற்கு மேல் ஆண்பூக்கள், உச்சியில் குமிழ். முதலில் பெண்பூக்கள் பக்குவமாகும். அழுகல் வாடையை நம்பி வரும் வண்டுகள் இன்னொரு சேனையின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதன் பிறகே ஆண்பூக்கள் மகரந்தம் உதிர்க்கும். வாடைக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை ஆவியாக்கிக் காற்றில் ஏற்றுவது குமிழின் சூடு. வழக்கமாக ஏடிபி என்ற, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறில் சேமிக்கப்படும் ஆற்றல், இங்கே செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதியின் வழியே சூடாகவே வெளியேறுகிறது. சேனைக் குடும்பத்தின் வேறொரு செடியில் இதைத் தூண்டிவிடுவது சாலிசிலிக் அமிலம் என்று 1987இல் கண்டறிந்தார்கள்.

> அப்படியானால் ‘நாற்றச்சூடு’?

சேனைக்குப் பொருந்தும், தாமரைக்குப் பொருந்தாது. தாமரையும் இப்படிச் சூடு எழுப்பும் பூதான். வெளியே 10 டிகிரிக்கு இறங்கினாலும் தன் பூவுக்குள் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை அது தானே நிறுத்திக்கொள்கிறது; ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் அளந்து 1996இல் வெளியிட்டார்கள். தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் தாமரையை நாற்றச்சூட்டுப் பூ என்று எழுத எனக்குக் கை வராது.

என் பரிந்துரை ‘காங்கை’. அடுப்புக் காங்கை, வெயில் காங்கை, ‘பிள்ளைக்கு உடம்பு காங்கையா இருக்கு’ என்று தென்மாவட்டங்களில் பேச்சில் வாழும் சொல். ஒன்றிலிருந்து கிளம்பி நம் மேல் படும் சூடு அது. பூங்காற்று போலப் பூங்காங்கை. அதைச் செய்யும் திசு காங்கைத்திசு. விலங்குகளுக்கு உடற்காங்கை என்று நீட்டலாம்; உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பில் நடப்பதையும் அதற்குள் அடக்கிவிடலாம்.

காங்கை என்றால் நோய் நினைவு வரும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனாலும் நோய்க்குக் காய்ச்சல் என்ற சொல் ஊன்றிவிட்டது. காங்கை வெறும் சூட்டையே சுட்டி நிற்கிறது. வெயிலுக்கும் அடுப்புக்கும் பொதுவாயிற்றே என்றால், ‘பூ’ என்ற முன்னொட்டு அதை எல்லை கட்டிவிடும்.

மற்ற இரண்டு சொற்களையும் நீட்ட வேண்டாம். பூங்கதிரைச் சுற்றி விரியும் மடலான ஸ்பேத்துக்குப் பாளை; தென்னைக்குச் சொல்வது சேனைக்கும் ஆகும். உச்சிக் குமிழான அப்பெண்டிக்ஸுக்கு ‘வால்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உச்சியில் உருண்டு நிற்பதை வால் என்பது கண்ணுக்கே ஒவ்வவில்லை. கதிர்க்குமிழ் என்று வைப்போம்.

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நண்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தச் சூட்டுக்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே பட்டியலில் ஏற்றலாம்.