ஏர் சஸ்பென்ஷன் கேரவன் ராத்திரியில் ஒரு பக்கம் இறங்குது, கீழே படுத்துப் பார்க்கலாமா?

காட்பாடி_கேரவன்:
வணக்கம். எங்களிடம் ஒரு கேரவன் இருக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் பஸ் சேசிஸ், பாடி கரூரில் கட்டியது. கட்டில், சமையல் மேடை, தண்ணி டேங்க், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து நல்ல கனம். ஏலகிரிக்கு ஆள் ஏற்றிப் போய் வந்ததிலிருந்து பின்பக்க இடது மூலை ராத்திரியில் இறங்கிவிடுகிறது, காலையில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை நுழையவில்லை. ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் விட்டால் காத்து ஏறி மட்டமாகிவிடும்.

சோப்புத் தண்ணி அடித்து லீக் பார்க்க வேண்டும். வழக்கமாக வரும் மெக்கானிக், "இஞ்சின் ஓடட்டும், காத்து நிக்கும், நான் உள்ள போய் பார்த்துட்டு வந்துடுறேன், ஜாக்கெல்லாம் எதுக்கு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் காத்தை இறக்கினால் ஆள் நுழைய இடமில்லை, காத்து இல்லாமல் லீக்கும் தெரியாது. வண்டி நிற்பது வீட்டுப் பக்கத்து மனையில், செம்மண் தரை. எப்படித்தான் பார்ப்பது?

டிப்போ_ரிட்டயர்டு:
தம்பி, முதலில் அவரை உள்ளே விடாதீங்க.

லெவலிங் வால்வு சேசிஸில் மாட்டியிருக்கும், அதிலிருந்து ஒரு சின்ன கம்பி அச்சுக்குப் போகும். பாடி தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் திறந்து பலூனுக்கு, அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பாடியைத் தாங்குகிற ரப்பர் பைக்கு, காத்து ஏற்றும், பாடி உயர்ந்தால் காத்தை வெளியே விடும். கீழே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அதற்கு என்ன தெரியும்? உள்ளே நெளிந்து போகிறவர் தோளோ ஸ்பேனரோ அந்தக் கம்பியைத் தள்ளிவிட்டால் போதும், அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். குழாய் பிடுங்கிக்கொண்டாலும் அதேதான், பாடி கடைசியாக இடித்து நிற்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய்த்தான் நிற்கும். நாளைக்குக் காலையில் வண்டி இறங்கி நிற்கும்போதே தண்ணி டேங்க் அடிக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளந்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அவர் மார்பு அதில் நுழையுமா என்று அவரே சொல்லட்டும்.

இஞ்சின் ஓடட்டும் என்கிறது இன்னும் மோசம். ஷாஃப்ட், பெல்ட், புகை ஒரு பக்கம், லீக் சத்தமும் காதில் விழாது.

நீங்கள் கேட்ட சிக்கலுக்கு வழி இருக்கு. காத்தை முழுசாக ஏற்றி இஞ்சினை நிறுத்துங்கள், சாவி படுக்கிறவர் பாக்கெட்டில் இருக்கட்டும், பேட்டரி கட்ஆஃப். சில வண்டியில் எலெக்ட்ரானிக் லெவலிங் இருக்கும், சாவி ஆனில் இருந்தால் அது தானாக ஏற்றி இறக்கும். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் ஆப்பு வையுங்கள், பெரும்பாலான பஸ்ஸில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அப்புறம் சேசிஸ் ஃப்ரேமுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட், மேலே ஒரு விரல் கனம் இடைவெளி விட்டு. பக்கவாட்டில் இருந்து கை நீட்டியே வைக்கணும், படுத்து வைக்கக் கூடாது. இப்போது காத்து போனாலும் பாடி அந்த விரல் கனம்தான் இறங்கும், பலூனிலும் காத்து இருக்கிறது, சோப்பு அடிக்கலாம். முன்பக்கமும் பலூன்தானே, அங்கேயும் ஸ்டாண்ட் வேணும்.

சிப்காட்_வெல்டிங்:
அண்ணன் சொன்னதோடு தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மண்ணில், அதுவும் மழை பெய்து விட்டிருந்தால், ஸ்டாண்ட் காலெல்லாம் தனித்தனியாக இறங்கி சாய்ந்துவிடும். நம்ம வேலூர் வெயிலில் மே மாசம் தார் ரோடு கூட ஜாக் அடியில் அமுங்கும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே கனமான இரும்புத் தகடு போட்டே ஆகணும், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பழைய இரும்புக் கடையில் துண்டுத் தகடு கிடைக்கும். கான்கிரீட் தரை கிடைத்தால் வண்டியை அங்கேயே கொண்டு போங்கள், அதுதான் என் முதல் யோசனை.

ஹாலோ பிளாக், செங்கல், கருங்கல் அடுக்கு இதெல்லாம் கிட்டவே வரக் கூடாது. நின்றுகொண்டே இருக்கும், ஒரு நொடியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். 20 டன் பாட்டில் ஜாக் இருக்கே என்பார்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், உள்ளே ஒரு சீல் போனால் முடிந்தது. ஸ்டாண்டும் டன் கணக்கு அடித்து விற்கிறதை வாங்குங்கள். நானே வெல்டர், என்னிடமே பைப்பை வெட்டி ஸ்டாண்ட் செய்து தரச் சொல்லி வருகிறார்கள், ஆள் கீழே படுக்கிற வேலைக்கு நான் செய்து தருவதில்லை.

பாலாறு_பைக்கர்:
இவ்வளவு எதுக்கு சார், வாலாஜா பக்கம் லாரி ஷெட்டில் குழி இருக்கும், அதில் ஏற்றிப் பார்த்துவிடலாமே?

டிப்போ_ரிட்டயர்டு:
குழி நல்லதுதான், நாங்களும் குழியில்தான் வேலை பார்த்தோம். ஆனால் குழியில் நிற்கிறவர் தலை தரை மட்டத்துக்கு மேலே வந்தால் பாடி இறங்கும்போது அதே கதிதான், அங்கேயும் ஸ்டாண்ட் உண்டு. கேரவனில் இன்னொன்று இருக்கிறது, சமையல் கேஸ். அது காத்தைவிட கனம், கசிந்தால் குழியில் போய்த் தேங்கி நிற்கும். சிலிண்டரை இறக்கி வெளியே வைத்துவிட்டு வண்டியைக் குழி மேல் ஏற்றச் சொல்லுங்கள்.

ஆற்காடு_டிராவல்ஸ்:
கீழே போகாமலே பாதி தெரிந்துகொள்ளலாம் நண்பா. ராத்திரி நிறுத்தும்போது டேஷ்போர்டில் காத்து மீட்டரை போட்டோ எடுங்கள், காலையில் மறுபடி எடுங்கள். பல வண்டிகளில் சஸ்பென்ஷனுக்குப் போகிற லைனில் ஒரு புரொடெக்ஷன் வால்வு இருக்கும், பலூன் பக்கம் லீக்கானாலும் பிரேக் காத்தை ஓரளவுக்குக் கீழே போகவிடாது. பிரேக் மீட்டர் ஓரளவில் நின்று, மூலை மட்டும் இறங்கியிருந்தால் பலூன், லெவலிங் வால்வு, நடுவில் உள்ள குழாய், இதில் ஒன்று. மீட்டரும் பூஜ்யத்துக்கு வந்திருந்தால் பிரேக் லைனையும் பார்க்கணும், அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீங்க.

சோப்புத் தண்ணியை நீளக் குழாய் ஸ்ப்ரேயரில் ஊற்றி சக்கர இடுக்கு வழியாக அடிக்கலாம், செல்போனை ஒரு குச்சியில் கட்டி வீடியோ எடுக்கலாம். பலூனின் அடி மடிப்பைப் பாருங்கள், மண்ணும் பொடிக் கல்லும் அங்கே சேர்ந்து ரப்பரை அரைத்துக்கொண்டே இருக்கும்.

காட்பாடி_கேரவன்:
எல்லோருக்கும் நன்றி. பக்கத்து அரிசி மண்டி கான்கிரீட் களத்தில் நிறுத்தி, ஸ்டாண்ட் வாடகைக்கு எடுத்து, நீங்கள் சொன்னபடியே செய்தோம். மெக்கானிக் முதலில் சிரித்தார், டேப் வைத்து அளந்ததும் பேசவில்லை. போன் வீடியோவிலேயே மாட்டிவிட்டது: இடது பின் பலூனின் அடி மடிப்பில் கடுகு கடுகாக நுரை, ஒரே வரிசையில் வந்துகொண்டே இருக்கிறது. ரப்பரில் நகக் கீறல் போல வெடிப்பு, உள்ளே நூல் தெரிகிறது. பலூன் மாற்றத்தான் வேண்டும். அதற்கு இதே ஸ்டாண்ட் போதுமா?

டிப்போ_ரிட்டயர்டு:
நூல் தெரிந்துவிட்டால் அந்தப் பலூனோடு இனி எங்கேயும் போகாதீங்க.

ஸ்டாண்ட் அதேதான், ஆனால் இந்தத் தடவை பாடி அதன் மேல் முழுசாக உட்கார்ந்திருக்கணும். லெவலிங் வால்வு கம்பியை வெளியில் இருந்தே கழற்றி, காத்து போகிற பக்கம் சாய்த்துவிடுங்கள், பாடி மெதுவாக ஸ்டாண்டில் இறங்கும். முன்பக்கத்தையும் அப்படியே இறக்குங்கள். ஏர் டேங்க் டிரெயினையும் திறந்து காலி செய்யுங்கள். சத்தம் முழுசாக அடங்கி, பலூன் கையால் அமுக்கினால் தொளதொளவென்று இருந்தால்தான் குழாய் இணைப்பு நட்டில் (யூனியன்) ஸ்பேனர் போடணும். டேங்க் காலியானதும் பின் சக்கரம் பிரேக் சேம்பருக்குள் இருக்கிற ஸ்பிரிங்கால் லாக் ஆகியிருக்கும், அது சரிதான். அந்தப் பிரேக் சேம்பரை மட்டும் யாரும் திறந்து பார்க்க வேண்டாம், உள்ளே அழுத்தி வைத்திருக்கிற ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

புதுசு மாட்டினதும் அவசரப்பட்டு ஸ்டாண்டை உருவாதீங்க. காலி பலூன் மேல் கனம் இறங்கினால் மடிப்பு தப்பாக மாட்டி அன்றைக்கே கிழியும். கம்பியை மாட்டி, ஆளெல்லாம் வெளியே வந்த பிறகு ஸ்டார்ட் செய்து காத்து ஏற்றுங்கள். பாடி ஸ்டாண்டை விட்டு எழுந்ததும் இஞ்சினை நிறுத்தி, பக்கத்தில் இருந்து சோப்பு அடித்துப் பாருங்கள், நுரை இல்லை என்றால் ஸ்டாண்டை எடுக்கலாம். வலது பலூனும் அதே வயசு என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கூலி ஒரு தடவையோடு போகும்.