புதுப்பிப்பு: ஆக் (awk, டெக்ஸ்ட் ஃபைல்களை வரிவரியாக அலசும் மொழி) ஸ்கிரிப்டில் அரே தானாகப் பெருகுவது ஏன்?

முந்தைய கேள்வி: முதல் ஃபைலின் ஐடிகளை அரேயில் ஏற்றி, இரண்டாவது ஃபைலின் ஐடிகள் அதில் உண்டா என்று பார்த்த பிறகு அரேயின் லெங்த் (அதிலுள்ள உறுப்புகளின் எண்ணிக்கை) ஏன் கூடுகிறது?

காரணம் இது. சதுர அடைப்பில் கீயை (அரேயில் தேடும் பெயர், இங்கே ஐடி) போட்டு வெற்றா என்று ஒப்பிட்டாலே, இல்லாத கீயை ஆக் உருவாக்கிவிடும். பக் இல்லை, மொழியின் விதியே அப்படித்தான். 3 ஐடி உள்ள அரேயில் இல்லாத 2 ஐடிகளைத் தேடினால் லெங்த் 5; ஃபார் லூப்பிலும் அந்த இரண்டும் வந்து நிற்கும்.

'இன்' ஆபரேட்டரால் பாருங்கள், எதுவும் உருவாகாது. "இல்லையா" என்று சோதிக்கும்போது மட்டும் கவனம்: கீ, இன், அரே மூன்றையும் வளைவு அடைப்புக்குள் வைத்து ஆச்சரியக்குறியை வெளியே போடணும். அடைப்பை விட்டால் குறி கீயை மட்டும் பிடித்துக்கொள்ளும். எரர் வராது, விடைதான் தப்பும். குனு ஆக்கை (gawk, ஆக்கின் ஒரு வகை) லிண்ட் ஆப்ஷனோடு (சந்தேகமான கோடைச் சுட்டிக்காட்டும் வசதி) ஓட்டினால் இப்படி இல்லாத கீயைத் தொட்ட இடங்களுக்கு எச்சரிக்கை வரும்.