பாலிபீனாலுக்கு ஒரு தமிழ்ச்சொல்: 'துவரிமம்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் தொடக்க மடலிலிருந்தே வருகிறேன். பேச்சு பாலிபீனால் பற்றி: தேயிலை, கொக்கோ, பழங்கள் போன்ற தாவர உணவுகளில் உள்ள ஒரு வேதிப்பொருள் குடும்பம்.

> பதின்ம வயதினரின் இதயநலமும் தாவர உணவும் பற்றி மாணவர்களுக்காக எழுதுகிறேன். பாலிபீனால் என்று வாசித்தாலே வகுப்பில் சிரிக்கிறார்கள். வேறு சொல் உண்டா?

சிரிக்காமல் என்ன செய்வார்கள், அம்மா? நடுவில் நிற்கும் எழுத்து அப்படி. அதைத் தாண்டி வந்தாலும் தரை துடைக்கிற பினாயில்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு வேற்றுமை உருபு வேறு: "பாலிபீனாலால் இரத்தக்குழாய் விரிகிறது" என்று வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

'பல்பீனால்' பாதிதான் தமிழ், சிக்கல் முழுசாக அப்படியே இருக்கிறது. பீனாலின் வேர்ச்சொல்லுக்கு 'ஒளிர்தல்' என்று பொருள் என்பதால் 'பல்லொளிரி' என்று ஒரு நண்பர் முன்வைத்தார். வேர் சரிதான். விளக்கெரிக்கும் வாயுவோடு பென்சீனுக்கு இருந்த தொடர்பை வைத்து லோரான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1836இல் பென்சீனுக்கு வைத்த 'ஃபீன்' என்ற பெயரிலிருந்து வந்தது அது. ஆனால் 'பல்லொளிரி' என்றால் யாராக இருந்தாலும் பற்பசை என்றுதான் நினைப்பார்கள்.

> ஏற்கெனவே 'எதிர் ஆக்சிகரணி' (ஆன்டிஆக்சிடன்ட்) இருக்கிறதே, அதையே போட்டால் என்ன?

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். அது பொருளின் பெயரல்ல, அந்தப் பொருள் செய்வதாகச் சொல்லப்பட்ட வேலையின் பெயர். அந்த வேலையே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. சோதனைக் குழாயில் இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது உண்மை. ஆனால் சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் இவற்றின் செறிவு மிகமிகக் குறைவு. உடலில் இயல்பாகவே இருக்கும் யூரிக் அமிலம் அதைவிடப் பல மடங்கு அதிகம், அந்தத் தடுப்பு வேலையையும் அதுவே செய்கிறது. உணவுகளின் 'எதிர் ஆக்சிகரண வலிமை'யை எண்ணாகப் போட்டு வைத்திருந்த பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, விற்பனைக்காரர்கள்தான் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இதயத்தைப் பொறுத்தவரை கவனம் இப்போது வேறு பக்கம் போயிருக்கிறது. கொக்கோவிலும் தேயிலையிலும் உள்ள சில பாலிபீனால் வகைகள், இரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதற்குத் துணைபுரிகின்றன, குழாய் தளர்ந்து விரிகிறது. அப்புறம், நாம் சாப்பிடும் பாலிபீனாலில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் சிறு மூலக்கூறுகளாக உடைபட்டபிறகே இரத்தத்தில் சேர்கிறது. ஒரே பழத்தைத் தின்ற இரண்டு பேரின் சிறுநீரில் வெவ்வேறு சிதைபொருள்கள் வருவது இதனால்தான். இவ்வளவையும் 'எதிர் ஆக்சிகரணி' என்ற ஒரு பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

'தாவர ஊட்டம்' என்ற முன்மொழிவுக்கும் இதே பதில். ஊட்டம் என்றால் குறைந்தால் நோய் வரவேண்டும். இந்தத் தவறு முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. சென்ட்-கியோர்கி என்ற ஹங்கேரிய அறிவியலாளர் 1936இல் எலுமிச்சைச் சாற்றில் கண்ட இவ்வகைப் பொருளுக்கு 'வைட்டமின் பி (P)' என்று பெயரிட்டார் (பி-காம்ப்ளெக்ஸில் வரும் B அல்ல, இது வேறு). வைட்டமின் என்பதற்கான சான்று தேறவில்லை, 1950 வாக்கில் பெயரைக் கைவிட்டார்கள்.

சரி, என் முன்மொழிவு: துவரிமம்.

பால் சேர்க்காத தேநீரை நெடுநேரம் ஊறவிட்டு ஒரு வாய் குடியுங்கள். நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் சுருங்கி இழுத்ததுபோல் இருக்கும். தேநீரிலுள்ள பாலிபீனால் மூலக்கூறுகள் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. இந்த உணர்வுக்கு நம்மிடம் 'துவர்ப்பு' என்று தனிப்பெயரே உண்டு. அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். இன்னொன்றையும் பாருங்கள்: 'துவர்' என்றால் சிவப்பு, பவளம் என்றும் பொருள். துவராடை என்றால் காவியுடை. வடமொழியிலும் கஷாயத்துக்குத் துவர்ப்பு, காவி என்று இரு பொருளும் உண்டு. சுவையும் சாயமும் ஒரே சொல்லில். திராட்சைத் தோலின் நிறமும் அதை மென்றால் வரும் துவர்ப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களால்தான் என்று வேதியியல் பின்னால் வந்து சொன்னது.

ஈறு பற்றியும் யோசித்தேன். 'துவரம்' என்றால் பருப்பு வந்துவிடும். 'துவர்மம்' தர்மம், கர்மம் வரிசையில் போய் நின்றுகொள்ளும். 'கரிமம்' போல 'துவரிமம்' நாவுக்கு எளிது. துவரிமச் செறிவு, துவரிமச் சிதைபொருள் என்று தொகையாகவும் சேர்கிறது.

> எல்லா பாலிபீனாலும் துவர்க்காதே? சில கசக்கும், சிலவற்றுக்குச் சுவையே தெரியாது.

உண்மைதான் ஐயா. ஆனால் 'அமிலம்' புளிப்பைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது, அதற்காக எல்லா அமிலத்தையும் நக்கிப் பார்த்தா பெயர் வைக்கிறோம்? ஆக்சிஜன் என்றால் 'அமிலம் ஆக்குவது' என்று பொருள், ஆக்சிஜன் இல்லாத அமிலங்கள் இருக்கின்றன. ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைப்பது புதிதல்ல. டானினுக்கு (துவர்ப்பைத் தரும் பாலிபீனால் வகை) மட்டும் 'துவரி' என்று ஏற்கெனவே எழுதிவருபவர் இருந்தால் சொல்லுங்கள், மோதலைத் தீர்க்கவேண்டும். ஃபிளேவனாய்டு என்ற இன்னொரு உட்பிரிவின் பெயரைத் தற்போதைக்கு அப்படியே விடலாம்.

அம்மாவின் கட்டுரையிலேயே சொல்லைப் போட்டுப் பார்த்தேன்:

"தமனிச் சுவரில் கொழுப்புக் கீற்றுகள் பதின்ம வயதிலேயே தோன்றக்கூடும். ஆனால் மாரடைப்பு அந்த வயதில் மிக அரிது. அதனால் ஆய்வாளர்கள் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, உடல் எடை, உடலுழைப்பு, புகைப்பழக்கம் போன்றவற்றுக்கு மதிப்பெண் இட்டு இதயநலத்தைக் கணிக்கிறார்கள். ஸ்பெயினில் 12 முதல் 14 வயது மாணவர்களின் சிறுநீரில் மொத்தத் துவரிமத்தை அளந்து, இந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். ஒரே காலத்தில் எடுத்த அளவீடு என்பதால், இரண்டும் சேர்ந்து உயர்ந்தாலும் துவரிமம்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுகிற பிள்ளை வேறு பல விதங்களிலும் நலமாக வாழ்கிற பிள்ளையாக இருக்கலாம்."

'எதிர் ஆக்சிகரணி' என்று போட்டிருந்தால் கடைசி இரண்டு வரிகளை வாசகர் காதில் வாங்கவே மாட்டார்.

முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'பாலிபீனால்' கொடுத்துவிடலாம். தேடுபவர்களுக்கு வேண்டும்.

இன்னும் ஒன்றுதான் மிச்சம்: 'சிறுநீர்த் துவரிமம்' என்பதா, 'சிறுநீரில் உள்ள துவரிமம்' என்பதா? நான் இரண்டாவதன் பக்கம். முதலாவது ஏதோ நோயின் பெயர்போல ஒலிக்கிறது.