அச்சுக்கு வரும் கோப்புகளில் கண்ட பிழைகள்: அனுபவப் பகிர்வு

பிளேட் பிரிவு

திரையில் ஒரே படமாகத் தெரிகிற பக்கம், ஆப்செட் அச்சில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கருப்பு என்று மைக்கு ஒன்றாக நான்கு பிளேட்டாக, அதாவது அச்சுத் தகடாக, பிரிந்துதான் இயந்திரம் ஏறுகிறது. நாங்கள் திருப்பி அனுப்புகிற கோப்புகளில் முக்கால்வாசி, அந்த நான்கையும் ஒருமுறை தனித்தனியாகப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். அவரவர் கைக்கு வந்த கோப்புகளில் என்ன கண்டீர்கள், ஏன் அப்படி ஆனது, எப்படிச் சரிசெய்வது என்று எழுதுங்கள். முதலில் நான், பிளேட் பிரிவிலிருந்து; தலைப்புகள் எழுதுகிற பிரிவின் பெயர்கள்.

அதிகம் வருவது நான்கு வண்ணக் கருப்பு எழுத்து. வேர்டில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கினால் கருப்பு, திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையான ஆர்ஜிபியில் இருக்கும். அதை ஸ்வாப் வி2 என்ற ப்ரொஃபைலில் (திரை நிறத்தை அச்சு மைகளுக்கு மாற்றும் கணக்கு) மாற்றினால், விழுக்காட்டில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று உடைகிறது. 10 பாயின்ட் எழுத்தை நான்கு பிளேட்டும் சேர்ந்து அடிக்கும்போது, ஏதாவது ஒன்று 0.1 மி.மீ. விலகினாலே ‘ஞ’, ‘ழ’, ‘இ’ போன்றவற்றின் உள்வெளிகளில் சிவப்போ நீலமோ கசிந்து தெரியும். வாசிப்பவருக்குக் கண் வலிக்கும், காரணம் மட்டும் புரியாது.

சோதிப்பது எளிது. அக்ரோபாட் ப்ரோவில் ‘அவுட்புட் ப்ரிவியூ’ திறந்து, கருப்பு பிளேட்டின் டிக்கை மட்டும் எடுங்கள். எழுத்து சுத்தமாக மறைந்தால் சரி. மங்கலான பழுப்பு நிழல் மிஞ்சினால் அது நான்கு வண்ண எழுத்து. இன்டிசைனில் இதற்கென்றே இருக்கும் ‘பிளாக்’ ஸ்வாட்சை (நிறப் பட்டியலில் உள்ள நிறம்) கொடுத்தால் இந்தத் தொல்லை வராது. போட்டோஷாப்பில் பத்தி எழுத்தே போடாதீர்கள். லேயர்களை ஒன்றாக்கிவிட்டால் எழுத்தும் புள்ளிகளாகிவிடும், ஓரம் கூர்மையாக வராது.

அகலமான கருப்புப் பரப்புக்குக் கணக்கு வேறு. கருப்பு 100 மட்டும் கொடுத்தால் அச்சில் வெளுத்த சாம்பல் போல நிற்கும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 கொடுங்கள், கூட்டினால் 240. சிலர் பிளேட்டுகளைப் பொருத்தும் குறிகளுக்கான ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ நிறத்தையே கருப்பு என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். அது நான்கும் நூறு, மொத்தம் 400. மை காயாமல் மேலே விழும் தாளின் முதுகில் ஒட்டும். மை மொத்தம், பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு 300, செய்தித்தாளுக்கு 240 என்பது பாதுகாப்பான எல்லை. அதே அவுட்புட் ப்ரிவியூவில் ‘டோட்டல் ஏரியா கவரேஜ்’ என்பதில் 300 போட்டுப் பார்த்தால், எல்லை மீறிய இடங்கள் நிறம் மாறிக் காட்டும்.

நூல் வடிவமைப்பு

தமிழ் எழுத்துருவால் வரும் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடு உரையை இன்டிசைனில் ஒட்டியதும் ‘கொ’, ‘கை’ எல்லாம் கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கமாகச் சிதறினால், எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். பத்தி ஸ்டைலில் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதிக்குப் போய், கம்போஸர் என்ற இடத்தில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போஸர்’ தேர்ந்தெடுங்கள். ஒரு பத்தியில் மட்டும் மாற்றினால் போதாது. அடிக்குறிப்பு, பட விளக்கம், பக்கத் தலைப்பு என்று எல்லா ஸ்டைலிலும் மாற்ற வேண்டும். ஒழுங்காக அடுக்கிய புத்தகத்தில்கூட அடிக்குறிப்பு மட்டும் சிதறி வருவது இதனால்தான்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் உரையை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால், கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக மாறி அர்த்தமற்றுக் கிடக்கும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘கௌ’ வரும் இடங்களைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். ஒற்றைக் குறியான ‘ௌ’ வர வேண்டிய இடத்தில் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, வரி உடையும் இடத்தில் ‘ள’ அடுத்த வரிக்குப் போனால்தான் தெரியும்.

இன்னொன்று, புள்ளி. அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளையாக விடும் ரிவர்ஸ் எழுத்தில், 7 பாயின்டில், மெய்யெழுத்தின் புள்ளி அரை மி.மீ.கூட இருக்காது. நான்கு மையும் சுற்றிலும் இருக்கும்போது கொஞ்சம் பரவினாலே அந்தப் புள்ளி அடைபட்டுவிடும். ‘கண்’ என்பது ‘கண’ என்று நிற்கும். திரையில் 400 விழுக்காடு பெரிதாக்கிப் பிழை திருத்தியவருக்கு இது தெரியவே தெரியாது. ரிவர்ஸ் தமிழுக்கு 9 பாயின்டுக்குக் குறையாமல், தடித்த எடையில் வையுங்கள். பின்னணியை ஒன்றிரண்டு மையில் முடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

படச் சீரமைப்பு

படத்தின் பண்புகளில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பக்கத்தில் வைத்த அளவில் எத்தனை வருகிறது என்பதே கேள்வி. இன்டிசைனின் லிங்க்ஸ் பேனலில் ‘எஃபெக்டிவ் பிபிஐ’ அதைத்தான் சொல்கிறது. கையால் போடுவதென்றால், பிக்சல் எண்ணிக்கையை 300ஆல் வகுத்து 25.4ஆல் பெருக்கினால் மி.மீ. கிடைக்கும். 1600 பிக்சல் அகலப் படம் 135 மி.மீ. வரைதான் தாங்கும். அதை 216 மி.மீ. அகலத்துக்கு இழுத்தால் 188 பிபிஐக்கு இறங்கிவிடும். இமை முடி, துணியின் நெசவு, தூரத்து இலைகள் எல்லாம் குழைந்து தெரியும். போட்டோஷாப்பில் ‘ரீசாம்பிள்’ டிக்கோடு எண்ணை ஏற்றினால் பிக்சல்தான் கூடும், விவரம் கூடாது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடுகிறது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். லோகோ என்றால் வெக்டர் கோப்பை (பிக்சலால் அல்ல, கோடுகளால் ஆனது) கேட்டு வாங்குங்கள். கையெழுத்து, கோட்டோவியம் போன்ற ஒற்றைக் கருப்புப் படங்களை ஸ்கேன் செய்தால் 1200 பிபிஐ வேண்டும். 300 போதும் என்பது நிழலும் சாயலும் உள்ள புகைப்படத்துக்கு. தூரத்தில் நின்று பார்க்கும் பெரிய ஃபிளெக்ஸுக்கு முழு அளவில் 100 இருந்தால் தாராளம்.

நிறத்தில் நீலம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. சயான் 100, மெஜந்தா 100 போட்டால் அச்சில் ஊதாதான் வரும். மெஜந்தாவைச் சயானைவிடக் குறைந்தது 30 கீழே வையுங்கள். பளிச்சென்ற ஆர்ஜிபி பச்சையும் ஆரஞ்சும் நான்கு மையில் கிடைக்கவே கிடைக்காது. போட்டோஷாப்பில் அச்சகம் தந்த ப்ரொஃபைலை ‘ப்ரூஃப் செட்டப்’பில் வைத்து, கன்ட்ரோல்+ஒய் அழுத்தி மங்கலைப் பார்த்துவிட்டு, அதைக் காட்டி வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். ஆர்ட் பேப்பருக்கான ஃபோக்ரா 39 ப்ரொஃபைலையே பூச்சில்லாத மேப்லித்தோ தாளுக்கும் வைத்து மாற்றாதீர்கள். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளி பரவும், 50 விழுக்காடு சாயல் 70ஐ எட்டலாம். முகங்கள் இருண்டு வருவதற்கு அதுவே காரணம்.

பைண்டிங் பிரிவு

ப்ளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் பின்னணி, 3 மி.மீ. என்பது எல்லோருக்கும் தெரியும். அதை உண்டாக்கும் விதத்தில்தான் கோளாறு. ஏ4 பக்கத்தை முடித்துவிட்டு, கடைசியில் நினைவு வந்ததும் முழுப் பக்கத்தையும் பிடித்து 210×297இலிருந்து 216×303க்கு இழுத்துவிடுகிறார்கள். அகலம் ஏறக்குறைய 2.9 விழுக்காடும் உயரம் 2 விழுக்காடும் கூடுவதால் வட்டம் நீள்வட்டமாகும். ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்த எழுத்து, வெட்டிய பிறகு 2 மி.மீ. சொச்சத்தில் நிற்கும். பின்னணியை மட்டும் நீட்டுங்கள், எழுத்தைத் தொடாதீர்கள்.

விளிம்பை ஒட்டி ஒரு பார்டர் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம் என்றே சொல்வேன். கட்டுக்கட்டாக வெட்டும்போது தாள் 1 மி.மீ. நகர்வது இயல்பு. 2 மி.மீ. பார்டர் ஒரு பக்கம் 1, எதிர்ப்பக்கம் 3 என்று ஆகிவிடும். தேவையென்றால் விளிம்பிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் உள்ளே இழுத்துப் போடுங்கள்.

புத்தக முதுகின் அளவு: மொத்தப் பக்கத்தில் பாதி, பெருக்கல் தாளின் தடிமன். 200 பக்கம் என்றால் 100 தாள். தாள் 0.1 மி.மீ. என்றால் 10 மி.மீ. முதுகு. ஏ5 புத்தகத்தின் அட்டை 148, 10, 148 சேர்ந்து 306, ப்ளீடோடு 312×216. ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எடையைத்தான் சொல்கிறது, தடிமனை அல்ல. ஒரே ஜிஎஸ்எம் மேப்லித்தோவும் ஆர்ட் பேப்பரும் வேறு வேறு தடிமன். கடைசி நேரத்தில் தாளை மாற்றிவிட்டு அட்டையை மாற்றாமல் விட்டால், முதுகில் நிற்க வேண்டிய தலைப்பு முன்பக்கத்துக்கு வழுக்கிவிடும். அச்சகத்திடம் அதே தாளில் ஒரு வெற்று டம்மி (அச்சிடாத மாதிரிப் புத்தகம்) கேட்டு, அளந்த பிறகு அட்டையை முடிப்பதே சரி.

நடு மடிப்பில் சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். 64 பக்கத்துக்கு 16 தாள் ஒன்றுக்குள் ஒன்று மடிவதால், நடுத்தாள் சுமார் 1.5 மி.மீ. வெளியே பிதுங்கும். வெட்டினால் நடுப்பக்கம் அவ்வளவு குறுகும். பக்கங்களைப் பெரிய தாளில் அடுக்கும் இம்போஸிஷன் மென்பொருள் இதை ஈடுகட்டும் என்றாலும், பக்க எண்ணை ஓரத்தில் ஒட்டி வைக்காமல் 8 மி.மீ. விடுங்கள். கோப்பைத் தனிப் பக்கங்களாக அனுப்புங்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து அல்ல.

மூன்று மடிப்பு ஏ4: 99, 99, 99 என்று பிரித்தால் உள்ளே போகும் மடல் இடித்துச் சுருளும். 100, 100, 97 வையுங்கள். உள்பக்கத்தில் 97 வலது ஓரம், வெளிப்பக்கத்தில் இடது ஓரம். 170 ஜிஎஸ்எம்முக்கு மேல் கிரீஸிங் (மடிப்புக்கு முன் அழுத்தும் பள்ளக் கோடு) இல்லாமல் மடித்தால் அடர்நிறம் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும்.

பேக்கேஜிங்

ஓவர்பிரிண்ட், அதாவது அடியில் உள்ள நிறத்தை விலக்காமல் அதன் மேலேயே அச்சிடுவது பற்றி யாரும் எழுதவில்லை. இல்லஸ்ட்ரேட்டரில் ஓவர்பிரிண்ட் கொடுத்த கருப்பு எழுத்தைப் பிறகு வெள்ளையாக மாற்றினால், அந்தக் குறி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்கு மை கிடையாது, அடியில் இருக்கும் நிறத்தையும் அது விலக்காது. எழுத்து காணாமல் போகும். சாதாரணத் திரையில் ஒழுங்காகவே தெரியும். ‘ஓவர்பிரிண்ட் ப்ரிவியூ’ போட்டுப் பார்த்தால் மறைவது தெரியும்.

பெட்டியை வெட்டி மடிக்கும் கோடான டைலைனைத் தனி ஸ்பாட் நிறத்தில் (நான்கு மையில் சேராத, தனிப் பிளேட் எடுக்கும் நிறம்), தனி லேயரில், ஓவர்பிரிண்டோடு வையுங்கள். மெஜந்தாவில் வரைந்தால் அதுவும் பெட்டியில் அச்சாகிவிடும். ஸ்பாட் நிறம் என்றாலும் ஓவர்பிரிண்ட் விட்டுப்போனால், அடியில் உள்ள படத்தில் வெள்ளைக் கோடு விழும். குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் பளபளப்புப் பூச்சு இடும் ஸ்பாட் யூவிக்கான மாஸ்க் 100 விழுக்காடு அடர்த்தியில் வெக்டராக இருக்க வேண்டும், மங்கும் ஓரம் கூடாது. ஒரே பான்டோன் (எண்ணிட்ட ஸ்பாட் நிறப் பட்டியல்) எண் ஒரு படத்தில் ஒரு பெயரிலும் லோகோவில் சற்றே மாறிய பெயரிலும் வந்தால் இரண்டு பிளேட் விழும். பிடிஎஃப் எடுக்கும் முன் பிளேட் பட்டியலை எண்ணுங்கள்.

பிளேட் பிரிவு

அச்சகத்துக்கு அனுப்ப எந்த வகை பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்வது என்று கேட்டவருக்கு: அச்சகத்தின் கருவி புதியதென்றால் பிடிஎஃப்/எக்ஸ்-4, டிரான்ஸ்பரன்ஸி (அடியில் உள்ளது ஊடே தெரியும் விளைவு) அப்படியே போகும். பழையதென்றால் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, எல்லாம் தட்டையாகி, சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு மையும் ஸ்பாட்டும் மட்டும் மிஞ்சும். எது வேண்டும் என்று முன்பே கேளுங்கள். ‘யூஸ் டாக்குமென்ட் ப்ளீட் செட்டிங்ஸ்’ டிக் விட்டுப்போனால், ப்ளீடோடு வடிவமைத்த கோப்பும் ப்ளீட் இல்லாமல்தான் வரும்.

கோரல்டிராவில் ‘ஹேர்லைன்’ தடிமனில் கோடு வேண்டாம். அது இயந்திரத்தின் ஒரே ஒரு புள்ளி அளவில் விழும். மேசை பிரிண்டரில் தெரிந்த கோடு, 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளி) பிளேட்டில் 0.01 மி.மீ. ஆகி, தாளில் இல்லாமலே போகும். கட்டங்களும் அட்டவணைகளும் உள்ள பில் புத்தகங்களில் இதைத் தவறாமல் பாருங்கள்: 0.25 பாயின்டுக்குக் குறையக் கூடாது, ரிவர்ஸ் கோடென்றால் 0.5 பாயின்ட்.