1.125 கிராம் எடுத்தேன், 14.3 மி.லி.தான் வருகிறது: பிழை எங்கே?

பிளஸ் டூ மாணவன்:
0.05 மோலார் (லிட்டருக்கு 0.05 மோல்) ஆக்சாலிக் அமிலக் கரைசல் 250 மி.லி. தயாரிக்கச் சொன்னார்கள். 0.05ஐ 0.25ஆல் பெருக்கினால் 0.0125 மோல். மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 90 கிராம்; ஆகவே 1.125 கிராம் நிறுத்துக் கரைத்தேன். அதில் 20 மி.லி. எடுத்து, பியூரெட்டில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றித் தரம் பார்த்தேன். ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் ஹைட்ராக்சைடு என்பதால் 20 மி.லி.யில் வர வேண்டிய இளஞ்சிவப்பு (அமிலம் தீர்ந்ததைக் காட்டும் நிறம்), மூன்று முறையும் 14.3இலேயே வந்துவிட்டது. கணக்கை நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

கல்லூரி மாணவி:
சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்திருக்கும். அதை மாற்றிப் பாருங்கள்.

ஆய்வக உதவியாளர், ஓய்வு:
அப்படி வலுக் குறைந்திருந்தால் 20க்கு மேல் அல்லவா போயிருக்கும் அம்மா? இங்கே குறைகிறது.

தம்பி, உங்கள் பெருக்கலில் குற்றமில்லை. 90தான் தவறு. பாட்டில் லேபிளில் வாய்பாட்டின் கடைசியில் ஒரு புள்ளி வைத்து இரண்டு நீர் மூலக்கூறு போட்டிருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது, ஆனால் படிகத்துக்குள் நீர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பதினெட்டு 36. 90உடன் சேர்த்தால் 126. உங்கள் 1.125 கிராமை 126ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.0089 மோல்தான் குடுவைக்குள் போயிருக்கிறது. 0.0125 வேண்டுமென்றால் 1.575 கிராம் நிறுக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகள் இதே 1.125ஐத் தராசில் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் சொன்னால் ஆசிரியருக்குக் கோபம் வரும், பேசாமல் நிற்பேன்.

இன்னொன்று. பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், அது பெருமையில்லை. ஆக்சாலிக் அமிலம் நஞ்சு.

பிளஸ் டூ மாணவன்:
ஐயா, இன்று 1.575 கிராம் எடுத்துச் செய்தேன். 20.1, 20.0, 20.0. லேபிளில் அந்தப் புள்ளி இருக்கிறது, அழுக்கென்று நினைத்துவிட்டேன். மயில்துத்தத்துக்கும் (காப்பர் சல்பேட்) இப்படித்தானா?

ஆய்வக உதவியாளர், ஓய்வு:
அதுவும் அப்படித்தான், ஐந்து நீர். ஆனால் மயில்துத்தம் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும்: நீலமாக இருந்தால் மோலார் நிறை 249.5, சூடாக்கி நீர் போய் வெளுத்திருந்தால் 159.5. ஆக்சாலிக் அமிலம் இரண்டு நிலையிலும் வெள்ளைதான். லேபிள் கிழிந்த பாட்டிலை எடுக்காதீர்கள்.