ரினியூவல் போட்ட பிறகும் ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் ‘எக்ஸ்பயர்ட்’ என்றே காட்டுகிறது, ஏன்?

சிற்றலை:
அமெரிக்க எஃப்சிசி (தொலைத்தொடர்பு ஆணையம்) லைசென்ஸ், ஜெனரல் கிளாஸ் (நடுத்தர நிலை). காலாவதியாகி 14 மாதம் ஆகிறது. ஆறு நாள் முன்பு எஃப்சிசியின் லைசென்ஸ் தளமான யூஎல்எஸ்ஸில் ரினியூவல் விண்ணப்பம் போட்டு, அதற்கான எண்ணும் வந்துவிட்டது. ஆனால் கால் சைனை (எனக்குத் தந்த அடையாளக் குறியை) தேடினால் இன்னும் ‘எக்ஸ்பயர்ட்’தான். 2 வருட அவகாசம் உண்டு என்கிறார்களே, இப்போதே ரிப்பீட்டரில் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தில்) பேசலாமா?

தாமிரக்கம்பி:
கூடாது ஓஎம் (நண்பரே). அந்த 2 வருடம் விண்ணப்பிக்கத்தான், அலைபரப்ப அல்ல. எஃப்சிசியின் 97.21 விதி இதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை: புதுப்பிக்கப்படும் வரை எந்த உரிமையும் கிடையாது. ரிசீவரில் கேட்கத் தடையில்லை.

கட்டணம் கட்டினீர்களா? பலரும் வழுக்குவது அங்கேதான். விண்ணப்பம் போடுவது யூஎல்எஸ்ஸில், பணம் கட்டுவது கோர்ஸ் என்ற எஃப்சிசியின் இன்னொரு தளத்தில். எண் கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். 2022 ஏப்ரல் 19 முதல் ரினியூவலுக்கு 35 டாலர். பணம் சேரும்வரை விண்ணப்பத்தைத் தொடமாட்டார்கள். 10 நாளுக்குள் வராவிட்டால் தள்ளுபடிதான். சனி, ஞாயிறும் அந்தக் கணக்கில் உண்டு. உங்களுக்கு மிச்சம் நாலு நாள்.

சிற்றலை:
கட்டவில்லை. கோர்ஸில் நுழைந்தால் என் எஃப்ஆர்என் (எஃப்சிசி பதிவு எண்) பட்டியலிலேயே இல்லை.

தாமிரக்கம்பி:
பயனர் கணக்கோடு எஃப்ஆர்என் இணைக்கப்படவில்லை. கோர்ஸ் முகப்பிலேயே பயனர் பெயரை எஃப்ஆர்என்னோடு இணைக்கும் தேர்வு இருக்கும். பழைய எண்ணையும் அதன் கடவுச்சொல்லையும் கொடுங்கள். அவசரத்தில் புது எஃப்ஆர்என் எடுத்துவிடாதீர்கள். கால் சைன் ஒட்டியிருப்பது பழைய எண்ணோடு. புதியதில் நுழைந்தால் லைசென்ஸும் தெரியாது, கட்ட வேண்டிய தொகையும் தெரியாது. இணைத்ததும் அந்த 35 டாலர் நிலுவையாக வந்து நிற்கும்.

அப்படியே மின்னஞ்சலையும் சரிபாருங்கள். 2021 ஜூன் 29 முதல் அது கட்டாயம். எஃப்சிசி அனுப்பிய கடிதம் திரும்பினால் லைசென்ஸே ரத்தாகலாம். முகவரி, மின்னஞ்சல் மட்டும் மாற்றக் கட்டணம் இல்லை.

மூன்றாம் கை:
ஒரு சின்ன சேர்க்கை. லைசென்ஸ் உள்ள நண்பர் கன்ட்ரோல் ஆபரேட்டராக (அலைபரப்புக்குப் பொறுப்பாளராக) பக்கத்திலேயே இருந்து கவனித்தால், அவர் கால் சைனில் மூன்றாம் நபராக நீங்கள் மைக்கைப் பிடிக்கலாம். பழைய லைசென்ஸ் மீது ரத்து, இடைநிறுத்தம் போன்ற நடவடிக்கை இருந்தால்தான் இதற்கும் தடை. வெறும் காலாவதி தடையில்லை.

இன்னும் காலாவதியாகாதவர்களுக்கு: கடைசி நாளுக்கு 90 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதித் தேதிக்குள் போட்டுவிட்டால், பரிசீலனை நீண்டாலும் முடிவு வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் தவறினால் இந்தச் சலுகை போச்சு.

சிற்றலை:
ஒருவேளை 2 வருடமும் தாண்டியிருந்தால்?

மூன்றாம் கை:
ரினியூவல் என்ற பேச்சே இல்லை, புது லைசென்ஸ்தான். ஆனால் பழைய ஜெனரலுக்கு எலமென்ட் 3 (ஜெனரலுக்கான எழுத்துத் தேர்வு) தேறியதாகக் கணக்கு வைப்பார்கள். காலாவதியான லைசென்ஸ் நகலைத் தேர்வாளர்களிடம் காட்ட வேண்டும். டெக்னீஷியனுக்கான (தொடக்க நிலைக்கான) எலமென்ட் 2 மட்டும் மறுபடி எழுதணும்: 35 கேள்வி, 26 சரியாக வரணும். வலி வேறிடத்தில். பழைய கால் சைன் பொதுவில் போய்விடும், வேறொருவர் வேனிட்டியாக (விரும்பிக் கேட்டுப் பெறும் கால் சைனாக) வாங்கிக்கொள்ளலாம். யாரும் எடுக்காமல் இருந்தால் நீங்களே கேட்கலாம், அதற்குத் தனியாக 35 டாலர்.

சிற்றலை:
எஃப்ஆர்என் இணைந்தது, தொகையும் தெரிந்தது, கட்டியாச்சு. ‘ஆக்டிவ்’ வரும்வரை மைக்கைக் கழற்றி வைக்கிறேன். 73 (ஹாம்களின் விடைபெறும் வாழ்த்து).