நிரந்தர வேலையை விட்டு மூன்று மாதக் கான்ட்ராக்டுக்குப் போகலாமா? (சுங்கை சிப்புட், மலேசியா)

கேள்வி:
வணக்கம். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் எலக்ட்ரிகல் இன்ஜினியராக இருக்கிறேன். வந்து 14 மாதம் ஆகிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி), நிரந்தர வேலை, மாதம் 5,500 வெள்ளி (ரிங்கிட்), கம்பெனி வீடு. ஆலைகளுக்குப் பராமரிப்பு ஆட்களை அனுப்பும் ஒரு கம்பெனி இப்போது 7,000 தருகிறேன் என்கிறது. கான்ட்ராக்ட் மூன்று மாதம்தான், ஆனால் "முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போவோம்" என்கிறார்கள். மனைவியும் குழந்தையும் டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தாருக்கான அனுமதி) இங்கேதான் இருக்கிறார்கள். போகலாமா?

பதில்:
தம்பி, ஐந்து வருடத்துக்கு முன் நானும் இதே டவுனில் இதே கணக்கைப் போட்டு வேலையை விட்டவன். அதனால் முதலில் கணக்கையே பார்ப்போம்.

மாதம் 1,500 கூடுகிறது. சரி. கம்பெனி வீடு போய்விடும். டவுனில் வாடகை, தண்ணீர், கரண்ட் சேர்த்து 700 என்று வையுங்கள். இப்போது ஒரு மாதச் சம்பளம் போனஸாக வருகிறது என்றால் அதை 12-ஆல் வகுத்தால் மாதம் 458. ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் நடுவில் ஒரு வாரம் சும்மா இருக்க நேர்ந்தால் கையைவிட்டுப் போவது சுமார் 1,600. மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 530-க்கு மேல். கூட்டிப் பாருங்கள், 1,690 தாண்டுகிறது. மருந்துச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அந்த ஒரு வாரம் வராது என்பார்கள். எனக்கு மூன்றாவது கான்ட்ராக்ட் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. அடுத்தது "திங்கட்கிழமை வந்துவிடும்" என்றார்கள். திங்கட்கிழமை ஆலை கேட்டில் காவலாளி என் கார்டை வாங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, "பெயர் லிஸ்டில் இல்லை" என்றார். கடிதம் வந்தது பதினொரு நாள் கழித்து. நடுவில் எனக்குக் காய்ச்சல் வேறு. அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை, மருத்துவ விடுப்பும் இல்லை. காலையில் பசியாறக் கடைக்குப் போனால் "இன்னைக்கு வேலை இல்லையா?" என்று யாராவது கேட்பார்களே என்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

பிறகுதான் கடிதத்தை ஒழுங்காகப் படித்தேன். புதுப்பிக்க 'போலே' என்று மலாயில் இருந்தது. போலே என்றால் செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம்.

இன்னொன்று, எந்த மாதத்தில் சேரச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். செம்பனையில் காய் குவிவது பெரும்பாலும் வருடத்தின் பிற்பகுதியில். ஜனவரி, பிப்ரவரியில் வரத்து குறையும். காய் சீசனுக்கென்று எடுத்த ஆளுக்குக் கடிதம் தாமதமாவது அப்போதுதான். பழுது பார்க்கும் வேலை என்றால் நேர்மாறு, ஆலையை நிறுத்திக் கழற்றுவதே அந்த மாதங்களில்தான். உங்களை எதற்கு எடுக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் பாஸ். அதில் பெயர் உள்ள கம்பெனிக்கு மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். புதுக் கம்பெனி தன் பெயரில் பாஸ் எடுத்துக் கையில் கொடுக்கும் வரை ஒரு நாள்கூட அங்கே போய் நிற்காதீர்கள், "டிரெயினிங்தானே" என்று சொன்னாலும். உங்கள் பாஸ் ரத்தானால் மனைவி, குழந்தையின் பாஸும் கூடவே போகும்.

என் பக்கத்து வீட்டுத் தாத்தா ரப்பர் மரம் சீவியவர். ஐம்பதுகளில் வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்களை அவருக்குத் தெரியும். இந்த ஊர்க்காரரான அமைச்சர் சம்பந்தன் 1960-இல், தொழிலாளிகளே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க, நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதனால்தான். கான்ட்ராக்ட் என்று நான் சொன்னதும் தாத்தா கேட்ட முதல் கேள்வி, "வீடு யாரு பேர்ல?"

இன்னொரு பதில்:
நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், சம்பளக் கணக்கு பார்க்கும் வேலை. அண்ணன் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். "நீ ஃப்ரீலான்ஸ், உனக்கு லீவு கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் தம்பி. நேரம், இடம், கருவி எல்லாம் அவர்களுடையது என்றால் நீங்கள் தொழிலாளிதான். 1955 வேலைச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து சம்பள வரம்பு பார்க்காமல் எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும் (ஓவர்டைம் மாதிரி சில சலுகைகளுக்குத்தான் 4,000 வெள்ளி வரம்பு). சம்பளச் சீட்டில் சொக்சோ (வேலை விபத்துக் காப்பீடு) இருக்கிறதா, இபிஎஃப் (சேமநிதி) இருக்கிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டவருக்கும் இபிஎஃப் கட்டாயம், முதலாளி 2, நீங்கள் 2 விழுக்காடு. வேலை போனால் கைகொடுக்கும் இஐஎஸ் காப்பீடு குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) உள்ளவர்களுக்கும் மட்டும்.

விடாமல் புதுப்பித்துக்கொண்டே போன ஒருவருடைய கான்ட்ராக்ட் உண்மையில் நிரந்தர வேலைதான் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் (நாட்டின் உச்ச நீதிமன்றம்) ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வெளிநாட்டவர் என்பது அதற்குத் தடை இல்லை என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் வேலை போன 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், பாஸ் இல்லாமல் இங்கே தங்கி வழக்கு நடத்துவது லேசு இல்லை.

விலகுவது என்றே முடிவு செய்தால் நோட்டீஸ் எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால், இரண்டு வருடத்துக்குக் குறைந்த வேலைக்குச் சட்டப்படி 4 வாரம். வருட விடுப்பு இப்போது உங்களுக்குக் குறைந்தது 8 நாள், இரண்டு வருடம் முடிந்தால் 12. புது இடத்தில் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கேட்டவர்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இன்று போன் செய்து ஒரு வருடக் கடிதம் தருவீர்களா, பாஸ் உங்கள் பெயரில் எடுப்பீர்களா என்று கேட்டேன். ஒரு வருடம் முடியாதாம். பாஸைப் பற்றி "வந்து சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் உள்ளே போய் உலை வைத்துவிட்டாள்.